போத்தனூரில் பிறந்த அம்மா.. போனில் ஓடும் பழைய கேம்.. யார் இந்த ஆலன் டூரிங்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதம். மெயின் அருவியில் கூட்டம் குறையட்டும்னு காத்திருக்கிறவங்க கையில் எல்லாம் போன்தான். சிலர் ரீல்ஸ் பார்ப்பாங்க, சிலர் மாரியோ, கான்ட்ரா மாதிரி பழைய கேம்களை ஓட்டிட்டு இருப்பாங்க. 90-களில் டிவியில் கேசட்டைச் செருகி விளையாடிய அதே கேம். இப்போ கேசட்டும் இல்லை, அந்த டப்பாவும் இல்லை. ஆனா கேம் மட்டும் அச்சு அசலா ஓடுது. எப்படி?

இதுக்குப் பேர் எமுலேஷன். ஒரு மெஷின், இன்னொரு மெஷின் மாதிரியே நடந்துகொள்வது. உங்க போனில் இருக்கும் எமுலேட்டர் ஆப், அந்தப் பழைய டப்பா செய்யும் ஒவ்வொரு வேலையையும் மென்பொருளாகவே செய்து காட்டுது. இது முடியும் என்பதை 1936-லேயே, அதாவது கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில், கணக்குப் போட்டு நிரூபித்தவர் ஆலன் டூரிங். அவர் பிறந்ததும் ஜூனில்தான், இறந்ததும் ஜூனில்தான். யார் இவர்? தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

போத்தனூர், குன்னூர், பிறகு லண்டன்

டூரிங்கின் அம்மா எதெல் சாரா ஸ்டோனி பிறந்தது கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில், 1881-ல். அவருடைய அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தலைக்கு மேலே ஆடும் பங்கா விசிறிக்குச் சத்தமில்லாத சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து காப்புரிமை வாங்கியவர். அதாவது பேரனுக்கு முன்னாடியே தாத்தாவும் மெஷின் ஆசாமிதான்.

டூரிங்கின் அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. அண்ணன் ஜான் 1908-ல் பிறந்தது குன்னூரில் இருந்த தாத்தா வீட்டில். அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தபோது ஜூலியஸுக்கு சத்ரபூரில் வேலை. இன்றைக்கு ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர், அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. பிரசவத்துக்காக இங்கிலாந்து போனார்கள். 1912 ஜூன் 23-ம் தேதி லண்டனில் ஆலன் பிறந்தார்.

அடுத்த வருடமே அப்பா, அம்மா இரண்டு பேரும் இந்தியா திரும்பிட்டாங்க. ஒன்றேகால் வயதுக் குழந்தையும் அண்ணனும், கடலோர ஊர் ஒன்றில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வீட்டில் விடப்பட்டார்கள். இந்திய வெயில் குழந்தைகளுக்கு ஆகாது என்ற பயம் அன்றைய பிரிட்டிஷ் குடும்பங்களில் பலருக்கும் இருந்தது. அம்மா அவ்வப்போது வந்து போவார். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கிட்டு பிள்ளைகளை ஊரில் விட்டுட்டுப் போகும் குடும்பங்களை தென்காசி, கடையநல்லூர் பக்கம் நிறையவே பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளின் நிலைதான் டூரிங்குக்கும்.

இறந்துபோன நண்பன்

1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், நாடு முழுக்க வேலைநிறுத்தம். ரயில் இல்லை. 13 வயதுப் பையன் சைக்கிளை எடுத்துக்கிட்டு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் கிறிஸ்டோபர் மார்கம். கணக்கு, வானியல் இரண்டிலும் கெட்டிக்காரர். 1930 பிப்ரவரியில் காசநோயால் வந்த பாதிப்பில் மார்கம் இறந்துபோனார். டூரிங்கை இது உடைத்துப் போட்டது. மனித மூளை செய்யும் வேலையை வேறொரு பொருள் செய்ய முடியுமா என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

1936: எல்லா மெஷினாகவும் மாறும் ஒரு மெஷின்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படித்த டூரிங், 1936-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அப்போ வயது 23, 24.

கட்டுரையில் அவர் கற்பனை செய்த மெஷின் ரொம்ப எளிமையானது. கட்டம் கட்டமாகப் பிரித்த நீண்ட காகித நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் படிக்கும். எழுதும், அழிக்கும், ஒரு கட்டம் இடமோ வலமோ நகரும். அவ்வளவுதான். ஒரு மெஷின் கூட்டல் செய்யும், இன்னொன்று வேறு கணக்கு செய்யும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெஷின்.

இங்கேதான் டூரிங் ஒரு திருப்பம் வைத்தார். ஒரு மெஷின் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முழுசா எழுதி வைக்க முடியும் இல்லையா? அந்தக் குறிப்பையே நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அந்த மெஷின் மாதிரியே வேலை செய்யும் ஒரு பொது மெஷினை வடிவமைக்கலாம். குறிப்பை மாற்றினால் அதே மெஷின் வேறு மெஷினாக மாறிடும். இரும்பை மாற்ற வேண்டாம், எழுத்தை மாற்றினால் போதும்.

எமுலேட்டரின் மூலக் கருத்து இதுதான். சொல்லப்போனால் கம்ப்யூட்டரின் மூலக் கருத்தே இதுதான். அதே கட்டுரையில், எந்த மெஷினாலும் தீர்க்க முடியாத கணக்குகளும் இருக்கு என்பதையும் நிரூபித்தார்.

ஆனா ஒரு விஷயத்தை அந்தக் கட்டுரை பேசவில்லை. ஒரு மெஷின் இன்னொன்றைப் போல நடிக்க முடியும், சரி. எவ்வளவு வேகமாக நடிக்கும்?

ஆட்-ஆன் கார்டா, எமுலேட்டரா?

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்த 1980-களில் இந்தக் கேள்வி நேரடியாகவே வந்தது. ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் ஓடாது. தீர்வு இரண்டு.

ஒன்று, ஹார்டுவேர் ஆட்-ஆன். 1984-ல் இந்தியாவில் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்தது பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர். அதுக்குள்ளே இருந்தது 6502 என்ற சிப். இசட்80 சிப்புக்கு எழுதிய மென்பொருள் வேணும்னா, இசட்80 இருக்கும் தனிப் பெட்டியை வாங்கி பக்கத்தில் இணைக்கணும். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு மைக்ரோசாஃப்ட் 1980-ல் விற்றதும் இதே மாதிரி ஒரு இசட்80 கார்டுதான். நிஜமான சிப் உள்ளே இருப்பதால் முழு வேகத்தில் ஓடும். ஆனா காசு அதிகம். கார்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. அதைச் செருகும் கம்ப்யூட்டர் இல்லைன்னா கார்டு வெறும் தகடு.

இரண்டாவது, மென்பொருள் எமுலேட்டர். எதையும் செருக வேண்டாம். பழைய சிப்புக்கான ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அர்த்தம் புரிந்து, தன் பாஷையில் மாற்றிச் செய்யும். ஒரு கட்டளைக்குப் பதிலாகப் பல கட்டளைகள் ஓட வேண்டியிருக்கும். அதனால் பழைய மெஷினைவிட புது மெஷின் பல மடங்கு வேகமாக இருந்தால்தான் வேலை ஆகும். 80-களில் அந்த வேகம் இல்லை. கார்டுதான் ஜெயிச்சது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். நின்டெண்டோவின் பழைய கேம் டப்பா ஒரு நொடிக்கு சுமார் 18 லட்சம் துடிப்புகள் வேகத்தில் ஓடியது. உங்க போனின் சிப் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அதனால்தான் அது சிரமமே இல்லாமல் நடிக்குது.

தமிழுக்கும் இதே கதை நடந்திருக்கு. டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர்களில் இந்திய மொழிகளைக் காட்ட, ஐஐடி கான்பூரில் உருவாகி சி-டாக் வெளியிட்ட ஜிஸ்ட் என்ற கார்டை உள்ளே செருக வேண்டியிருந்தது. பிறகு ஃபான்ட், யூனிகோட் என்று எல்லாம் மென்பொருளுக்குள் வந்தது. இப்போ இந்தக் கட்டுரையைப் படிக்க உங்க போனில் எந்தக் கார்டும் தேவைப்படலை.

மென்பொருளா, இரும்பா என்ற இந்தத் தேர்வு டூரிங்கின் வாழ்க்கையிலும் வந்தது. அங்கே பந்தயமாக இருந்தது விளையாட்டு இல்லை, போர்.

நேரம் இல்லாத இடத்தில் இரும்பு

1939 செப்டம்பர் 3-ம் தேதி ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் ஆஜர். அங்கே நடந்தது, எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலை.

ஜெர்மனியின் எனிக்மா, டைப்ரைட்டர் மாதிரி இருக்கும் சங்கேத மெஷின். உள்ளே சுழலும் சக்கரங்கள், முன்னால் செருகும் வயர்கள். ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய வகையில் சுமார் 16 லட்சம் கோடி கோடி விதமாக அதை செட் செய்யலாம். செட்டிங் தினமும் மாறும். இன்றைய செட்டிங்கை அடுத்த மாதம் கண்டுபிடித்தால் என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள கப்பல் மூழ்கியிருக்கும்.

பொது மெஷினைக் கற்பனை செய்தவர் இங்கே அதற்கு நேர் எதிரான வழியில் போனார். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மெஷின். பேர் பாம்ப். இதுக்கு முன்னோடியாகப் போலந்து கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி குழு ஒரு மெஷினைச் செய்திருந்தது. டூரிங் புது முறையில் வடிவமைக்க, பொறியாளர் ஹெரால்ட் கீன் அதை இரும்பாக்கினார். வழக்கமான ஒரு பாம்ப் மெஷினுக்குள் 36 எனிக்மாவின் சக்கர அமைப்புகள் இருக்கும். அதாவது ஒரே நேரத்தில் 36 எனிக்மா மாதிரி நடிக்கும் ஹார்டுவேர் எமுலேட்டர். செய்தியில் இந்த வார்த்தை இருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தோடு முரண்படும் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும்.

விக்டரி என்ற முதல் பாம்ப் 1940 மார்ச்சில் வந்தது. எதிர்பார்த்த வேகம் இல்லை. அப்போது கார்டன் வெல்ச்மேன் என்ற சக ஊழியர் ஒரு யோசனை சொன்னார். மூலைவிட்டப் பலகை என்ற கூடுதல் வயர் அமைப்பை மெஷினோடு இணைக்கலாம் என்றார். சுத்தமான ஆட்-ஆன். ஆகஸ்ட் மாதம் அந்தப் பலகையோடு அடுத்த மெஷின் வந்ததும் தவறான செட்டிங்குகள் மளமளவென்று கழிந்தன. போர் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட பாம்ப் மெஷின்கள் ஓடின. பெரும்பாலும் அவற்றை ஓட்டியவர்கள் கடற்படைப் பெண்கள்.

2014-ல் வந்த தி இமிடேஷன் கேம் படம் பார்த்தவர்களுக்கு ஒரு தகவல். படத்தில் மெஷினுக்குக் கிறிஸ்டோபர் என்று பேர் வைப்பார். நிஜத்தில் அப்படி இல்லை. டூரிங் தனி ஆளாக அதைச் செய்து முடிக்கவும் இல்லை.

இரும்பைக் குறை, எழுத்தைக் கூட்டு

போர் முடிந்தது. 1945-ல் டூரிங் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, ஏஸ் என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்தார். இப்போ மறுபடியும் 1936-ன் பக்கம் வந்துட்டார்.

சர்க்யூட்டைக் குறைந்தபட்சமாக வைக்கணும், மற்றதை எல்லாம் கட்டளைகளாக எழுதிக்கலாம் என்பது அவர் கொள்கை. கஷ்டமான ஒரு வேலை வந்தால் அதுக்கு ஒரு பாகத்தைக் கூட்டுவதை அவர் சோம்பேறித்தனமாகவே பார்த்தார். உதாரணத்துக்கு தசமப் புள்ளி நகரும் எண்களின் கணக்கு. அதுக்குத் தனி சர்க்யூட் வேண்டாம், ஒரு துணை நிரல் எழுதிவிடலாம் என்றார். பல வருடம் கழித்து 386 கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதே குழப்பத்தில் நின்றார்கள். இந்தக் கணக்குக்கு 387 என்ற சிப்பைத் தனியாக வாங்கிச் செருகுவதா, மென்பொருளே மெதுவாகப் போடட்டும் என்று விடுவதா?

ஏஸ் வேலை இழுத்துக்கொண்டே போனது. போரில் தான் பார்த்ததை எல்லாம் சொல்லிப் புரியவைக்கலாம் என்றால் ரகசியச் சட்டம் வாயைக் கட்டியிருந்தது. வெறுத்துப்போய் வெளியேறி, 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் போன பிறகு, ஏஸின் சின்ன வடிவம் 1950 மே மாதம் ஓடியது. நொடிக்கு 10 லட்சம் துடிப்பு. 1980-களின் பிபிசி மைக்ரோவே அதைவிட இரண்டு மடங்குதான் வேகம் என்று பார்த்தால், அந்த வடிவமைப்பின் அருமை புரியும்.

மனுஷனே எமுலேட்டர்

1948-ல் டூரிங், நண்பர் டேவிட் சாம்பர்நௌனுடன் சேர்ந்து ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். பேர் டூரோசாம்ப். அதை ஓட்டும் திறன் அன்றைய கம்ப்யூட்டருக்கு இல்லை. அதனால் 1952-ல் அவரே கம்ப்யூட்டராக உட்கார்ந்தார். காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, தான் எழுதிய கட்டளைகளை வரிசை மாறாமல் செய்து ஒவ்வொரு காயாக நகர்த்தினார். ஒரு நகர்வுக்கு சுமார் அரை மணி நேரம். எதிரில் ஆடிய அலிக் கிளெனியிடம் தோற்றுப்போனார்.

அந்த புரோகிராம் கம்ப்யூட்டரில் ஓடுவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2012-ல் மான்செஸ்டரில் நடந்த நூற்றாண்டு நிகழ்வில் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, உலக சாம்பியனாக இருந்த காஸ்பரோவுடன் ஆடவிட்டார்கள். 16 நகர்வில் காஸ்பரோவ் ஜெயித்தார்.

நாட்டைக் காப்பாற்றியவருக்கு நாடு கொடுத்த தண்டனை

1952-ல் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், தனக்கு ஒரு ஆணுடன் உறவு இருப்பதை மறைக்காமல் சொன்னார். அன்றைய பிரிட்டனில் அது குற்றம். திருட்டுக்குப் புகார் கொடுத்தவரே குற்றவாளி ஆனார். சிறை, இல்லைன்னா உடம்பில் ஹார்மோன் செலுத்தும் சிகிச்சை. இரண்டில் ஒன்று. அவர் இரண்டாவதை ஏற்றுக்கொண்டார். ஒரு வருடம் பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். உடம்பு மாறியது. அரசின் ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. எனிக்மாவில் அவர் செய்தது பரம ரகசியம் என்பதால், இவர் யார் என்று எடுத்துச் சொல்ல நாட்டு மக்களுக்கு எதுவுமே தெரியாது.

1954 ஜூன் 7-ம் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணை முடிவானது. போத்தனூரில் பிறந்த அந்த அம்மா அதைக் கடைசி வரை ஏற்கவில்லை. வீட்டில் ரசாயன சோதனை செய்யும்போது நடந்த விபத்து என்றே நம்பினார். மகனைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

2009-ல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு. 2021 ஜூன் 23-ல், அவர் பிறந்த நாளன்று, அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் விட்டுட்டுப் போன 377-வது பிரிவும் இதே மாதிரியான சட்டம்தான். வயதுவந்தவர்கள் விருப்பத்துடன் வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல்.

தென்காசிக்கு இதனால் என்ன?

கம்ப்யூட்டர் துறையின் மிக உயரிய விருது, டூரிங் பேரில் 1966 முதல் வழங்கப்படுது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி 1994-ல் அதைப் பெற்றார்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே எழுதப்படும் மென்பொருள் எங்கோ ஒரு நாட்டில், யாரோ செய்த கம்ப்யூட்டரில் ஓடுது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி மெஷின் வேணும்னா, மெஷின் தொழிற்சாலை இருக்கும் ஊரில் மட்டும்தான் இந்த வேலை இருக்கும். மெஷின் பொதுவானது, மாறுவது எழுத்து மட்டும்தான் என்று ஆனதால் வேலை வயல்காட்டு ஊருக்கும் வந்தது.

உங்க போனுக்குள்ளும் ஒரு சாட்சி இருக்கு. பெரும்பாலான போன்களில் இருப்பது ஆர்ம் வகை சிப். 1980-களில் அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான சோஃபி வில்சன், சிப் கைக்கு வரும் முன்னாடியே பிபிசி மைக்ரோவில் ஒரு மென்பொருள் எழுதி, அந்தச் சிப் எப்படி நடந்துகொள்ளும் என்று ஓட்டிப் பார்த்தார். பிறகு 1985-ல் நிஜச் சிப் வந்ததும், அதே பிபிசி மைக்ரோவோடு ஆட்-ஆனாக இணைத்துச் சோதித்தார்கள். முதலில் எமுலேஷன், அப்புறம் ஆட்-ஆன், இப்போ உங்க பாக்கெட்டில்.

போர் முடிந்ததும் பாம்ப் மெஷின்களில் பெரும்பாலானவற்றை உடைத்துப் போட்டார்கள். ஆனா அதன் வரைபடங்கள் தப்பிச்சது. அதை வைத்து ஆர்வலர்கள் பல வருடம் உழைத்து, 2007-ல் பிளெட்ச்லி பார்க்கில் ஒரு பாம்ப் மெஷினை மறுபடி ஓடவைத்தார்கள். இரும்பு போனாலும், அது எப்படி வேலை செய்தது என்ற குறிப்பு மிஞ்சினால் மெஷினை மீட்டுவிடலாம். குறிப்பும் போச்சுன்னா எந்த எமுலேட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால உங்க வீட்டிலோ, ஊர் பள்ளிக்கூடத்திலோ, டிடிபி கடையிலோ பழைய கம்ப்யூட்டர் தூசி படிஞ்சு கிடந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க. ஃபிளாப்பியில், ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை முதலில் நகல் எடுத்துவையுங்க. கூட வந்த கையேட்டைப் போனில் படம் எடுத்துவையுங்க. எந்தத் தமிழ் ஃபான்ட்டில் அடிச்சதுன்னு எழுதி வையுங்க. மெஷினை அப்புறம் கொடுத்துக்கலாம்.